பை சுமந்தவர்கள் வென்ற கோப்பை

கோல்கொண்டா கோட்டைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஃபதே தர்வாஸாவில் கை தட்டி, அந்தச் சத்தம் பாலா ஹிஸார் உச்சியில் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோட்டையின் வடகிழக்கில் நயா கிலா என்றொரு பகுதி இருப்பது பலருக்குத் தெரியாது. 1656இல் இளவரசராக இருந்த ஔரங்கசீப் கோல்கொண்டாவை முற்றுகையிட்டார். அந்த அடி வாங்கிய பிறகு, பலவீனமான அந்தப் பக்கத்தைக் காக்க குதுப் ஷாஹிகள் எழுப்பிய கூடுதல் மதில்தான் நயா கிலா. அதற்குள் ஒரு பழைய மசூதி, குளம், பாவோபாப் என்னும் பெருக்க மரம் ஒன்று. வயது நானூறுக்கு மேல் என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதை யானை மரம் என்றே அழைக்கிறார்கள்.

இந்த மதிலை ஒட்டிப் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கிறது ஹைதராபாத் கோல்ஃப் மைதானம். கோட்டை மதிலும் கருங்கல் பாறைகளும் பின்னணியில் நிற்க, 18 குழிகள். வரலாற்றுச் சின்னத்துக்குப் பக்கத்தில் புல்வெளி விரிந்ததை எதிர்த்து மரபு ஆர்வலர்கள் பல வருடமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். தொல்லியல் துறை தோண்டியபோது குதுப் ஷாஹி காலத் தோட்டத்தின் தடயங்கள் கிடைத்த இடம் இது. ஆர்வலர்கள் கேட்பது நியாயமான கேள்வி, தனியாக எழுத வேண்டிய கதை. இப்போது நாம் வந்த வேலை வேறு.

இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்றான பிஜிடிஐயின் 'கோல்கொண்டா மாஸ்டர்ஸ்' போட்டி இங்கேதான் நடக்கிறது. போட்டி நாட்களில் விடிவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுகிறவர்கள் இரண்டு பிரிவினர். புல்லை வெட்டி, மணலைச் சீவி, குழியின் இடத்தை மாற்றி வைக்கும் மாலிகள் ஒரு பிரிவு. வீரர்களின் பையைச் சுமக்கும் கேடிகள் மறு பிரிவு. தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்க்கிறவர்களுக்கு இவர்கள் பின்னணியில் நகரும் உருவங்கள். ஆனால் இந்தியாவின் தேசிய கோல்ஃப் போட்டியான 'இந்தியன் ஓபன்' வரலாற்றை எடுத்து, அதை வென்ற இந்தியர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் இவர்கள்தான் இருக்கிறார்கள்.

இந்தியன் ஓபன் 1964இல் தொடங்கியது. 2025 வரை 58 முறை நடந்திருக்கிறது. 2014இல் ஒரு முறையும், கொரோனாவால் 2020 முதல் 2022 வரையும் நடக்கவில்லை. இந்த 58இல் இந்தியர்கள் வென்றது 13 முறை. வென்றவர்கள் ஒன்பது பேர்: பி.ஜி. சேத்தி, அலி ஷேர், ஃபிரோஸ் அலி, அர்ஜுன் அத்வால், ஜோதி ரந்தாவா, விஜய் குமார், முனியப்பா, அனிர்பன் லாஹிரி, எஸ்.எஸ்.பி. சௌராசியா. இவர்களில் அலி ஷேர், ஃபிரோஸ் அலி, விஜய் குமார், முனியப்பா, சௌராசியா ஐவரும் மைதானத்தின் வேலைக்காரர் வாசல் வழியாக ஆட்டத்துக்குள் வந்தவர்கள். 13 கோப்பைகளில் ஏழு அவர்களுடையவை. கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் இந்த எண்ணிக்கையை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

கதை ஓர் ஆஸ்திரேலியரிடமிருந்து தொடங்குகிறது. பீட்டர் தாம்சன். உலகின் மிகப் பழைய கோல்ஃப் போட்டியான பிரிட்டிஷ் ஓபனை ஐந்து முறை வென்றவர். 1954, 55, 56 என்று தொடர்ந்து மூன்று வருடம், பிறகு 58, 65. ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போய்வந்த காலத்தில் இந்தியாவில் இறங்கி இறங்கி, இங்கே ஒரு தேசியப் போட்டி வேண்டும் என்று விடாப்பிடியாக முயன்று உருவாக்கியவர் அவர். 1964இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த முதல் போட்டியை அவரே வென்றார். 1966இலும் 1976இலும் மறுபடி வென்றார். 1970களில் டெல்லி மைதானத்தைத் திருத்தி அமைத்தவரும் அவர்தான். இந்திய கோல்ஃபுக்கு இவ்வளவு செய்த வெளிநாட்டுக்காரர் வேறொருவர் இல்லை.

இரண்டாவது வருடமே ஓர் அதிசயம் நடந்தது. 1965இல் பி.ஜி. சேத்தி கோப்பையை வென்றார். பில்லூ சேத்தி என்றால்தான் கோல்ஃப் வட்டத்தில் தெரியும். அவர் அமெச்சூர், அதாவது பரிசுப் பணம் வாங்காமல் ஆடியவர். தொழில்முறை வீரர்கள் கூடிய போட்டியில் ஓர் அமெச்சூர் வென்றது அந்த ஒரு முறைதான். இன்று வரை அது மாறவில்லை.

அதன் பிறகு 25 வருடம் இந்தியப் பெயரே இல்லை. 1966 முதல் 1990 வரை ஜப்பானியர், தைவான்காரர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் என்று வந்து ஆடி, வென்று, கோப்பையோடு விமானம் ஏறினார்கள். கென்ஜி ஹோசோய்ஷி அடுத்தடுத்த இரண்டு வருடம் வென்றார். கிரஹாம் மார்ஷ் இரண்டு முறை, பிரையன் ஜோன்ஸ் இரண்டு முறை. இந்த வரிசையில் ஒரே ஒரு பெயரிடம் நின்று போகலாம். 1981இல் வென்ற பெய்ன் ஸ்டீவர்ட். அமெரிக்கச் சுற்றில் ஆடத் தகுதி கிடைக்காததால் ஆசியாவுக்கு வந்த இளைஞர் அவர். மலேசியாவில் ஆடப் போன இடத்தில்தான் தன் வருங்கால மனைவியைச் சந்தித்தார். இந்தியாவில் வென்ற அதே வருடம் இந்தோனேசிய ஓபனையும் வென்றார். பின்னாளில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் இரண்டு அமெரிக்க ஓபன்களும் வென்று, 1999 அக்டோபரில் விமான விபத்தில் இறந்தார். உலகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்த ஆட்டக்காரருக்கு நம்பிக்கை கொடுத்த ஆரம்ப வெற்றிகளில் ஒன்று இந்தியாவில் கிடைத்தது.

அந்த 25 வருடங்களிலும் இந்தியாவின் நல்ல ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு வீரரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

கேடியின் வேலை என்னவென்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வீரர் பையில் அதிகபட்சம் 14 கிளப், அதாவது மட்டைகள், வைத்துக்கொள்ளலாம். பந்துகள், குடை, மழைச்சட்டை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் தோளில் நல்ல பாரம். அதைச் சுமந்தபடி நான்கு நாள், நாளுக்கு 18 குழி நடக்க வேண்டும். அது பாதி வேலைதான். விதிப்படி, தனியாளாக ஆடும் போட்டியில் வீரர் ஆட்டத்தின் நடுவே யோசனை கேட்கலாம் என்றால் அது கேடியிடம் மட்டும்தான். பயிற்சியாளர் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. குழியைச் சுற்றிய குட்டைப் புல்வெளியான கிரீனில் வந்து நின்றதும் கேடி குனிந்து புல்லைப் பார்க்கிறார். புல்லின் நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கவனிக்கிறார். வெளிச்சத்தில் பளபளக்கும் பக்கமாக அடித்தால் பந்து ஓடும், கருத்துத் தெரியும் பக்கமாக அடித்தால் தயங்கும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் தரை கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் சரிந்திருக்கும். இது அத்தனையும் ஒரே கிரீனில் ஆயிரம் முறை நின்றவனுக்குத்தான் காலிலேயே தெரியும். இந்தத் திறமையோடு பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்ந்த பையன் கையில் ஒரு கிளப் கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்தது. உறுப்பினர் ஒருவர் வேண்டாமென்று கொடுத்த பழைய இரும்புக் கிளப், ரஃப் என்னும் நீளப் புல்லில் தேடி எடுத்த பந்து. பல கிளப்களில் திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்குக் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் பள்ளிக்கூடம் அந்தத் திங்கட்கிழமைதான் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்தப் பள்ளியிலிருந்து முதலில் மேடை ஏறியவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர், 1991இல் அதே மைதானத்தில் இந்தியன் ஓபனை வென்றார். இந்தியத் தொழில்முறை வீரர் ஒருவர் இந்தப் போட்டியை வென்றது அதுவே முதல் முறை. அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 1993இல் இரண்டாவது முறையும் வென்றார். 25 வருடக் கதவு ஒரு கேடியின் கையால் திறந்தது.

டெல்லி மைதானத்தை அறிந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. லோதி காலத்துக் கல்லறைக் கட்டடங்கள் நடுநடுவே நிற்கும் இடம் அது. மயில்கள் குறுக்கே நடந்து போகும். ஆட்டப் பாதையான ஃபேர்வேயின் இரண்டு பக்கமும் கையை விட்டால் எடுக்க முடியாத முட்புதர். முந்நூறு கெஜம் முழுப் பலத்தோடு அடிக்கிற வெளிநாட்டு வீரர் புதரில் பந்தை விட்டுவிட்டுத் தலையில் கை வைக்க, உள்ளூர்க்காரர் சின்ன இரும்புக் கிளப்பால் இருநூறு கெஜம் நேராக அடித்து நடுவில் நிற்பார். வட இந்திய மைதானங்களில் 'ஆகேவாலா' என்று ஒரு ஆள் உண்டு. முன்னாடியே போய் நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்பவர். அந்த வேலை பார்த்த பையனுக்கு ஒவ்வொரு புதரின் முகவரியும் தெரியும். எங்கே விழுந்தால் பிழைக்கலாம், எங்கே விழுந்தால் கதை முடிந்தது என்பதை அவன் மற்றவர்களின் பந்துகளைத் தேடித் தேடிப் படித்திருக்கிறான்.

1998இல் கல்கத்தாவின் ஃபிரோஸ் அலி. 1999இல் அர்ஜுன் அத்வால். 2000இல் ஜோதி ரந்தாவா. மூன்று வருடம் தொடர்ந்து இந்தியர்கள். அத்வாலும் ரந்தாவாவும் வேறு வாசலில் வந்தவர்கள். அத்வால் வசதியான கல்கத்தாக் குடும்பம், அமெரிக்காவில் படித்தவர். 2010இல் விண்ட்ஹம் சாம்பியன்ஷிப்பை வென்று, அமெரிக்க பிஜிஏ சுற்றில் வென்ற முதல் இந்தியர் ஆனார். ரந்தாவா ராணுவ அதிகாரியின் மகன். 2000, 2006, 2007 என்று மூன்று முறை இந்தியன் ஓபனை வென்றவர் அவர். பீட்டர் தாம்சனும் அவரும்தான் இந்தப் போட்டியில் மூன்று கோப்பை வைத்திருப்பவர்கள். ராணுவக் குடியிருப்பு, கண்டோன்மென்ட் மைதானம், அதிகாரியின் பிள்ளைக்குக் கிடைக்கும் பயிற்சி வாய்ப்பு, இதுவும் இந்திய கோல்ஃபின் ஒரு பெரிய நாற்றங்கால். அதை மறுக்க வேண்டியதில்லை. 2002இல் லக்னோவின் விஜய் குமார் வென்றபோது கோப்பை மறுபடி கேடிகளின் பக்கம் வந்தது.

ஒரு பெயர் இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜீவ் மில்கா சிங். ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகன், ஐரோப்பியச் சுற்றில் இடம் பிடித்த முதல் இந்தியர், 2006இலும் 2008இலும் ஆசியச் சுற்றின் முதலிடம். இவ்வளவு செய்தவருக்குச் சொந்த நாட்டு ஓபன் மட்டும் வசப்படவில்லை. போட்டி எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2009. போட்டி குருகிராமின் டிஎல்எஃப் மைதானத்தில். நான்கு நாள் முடிவில் இரண்டு பேர் சமநிலை. ஒருவர் தென்கொரியாவின் லீ சங். மற்றவர் பெங்களூரின் சி. முனியப்பா. கேடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், ஆசியச் சுற்றில் அதுவரை ஒரு கோப்பையும் வெல்லாதவர். சமநிலையை முடிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃப் ஆடி முனியப்பா வென்றார். தெற்கிலிருந்து இந்தப் பட்டியலில் ஏறிய பெயர் அது. லாஹிரியும் பெங்களூரில் பயிற்சி பெற்றவர் என்றாலும் வங்காளக் குடும்பம், ராணுவப் பின்னணி. தமிழ்நாட்டுக்காரர் பெயர் இன்னும் இல்லை. ஹைதராபாத்துக்காரர் பெயரும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல், கிண்டி, நந்தனம் என்று நூறு வருடத்துக்கு மேல் கோல்ஃப் பார்த்துவரும் மாநிலத்துக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

இனி சௌராசியா. இந்தக் கட்டுரையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன்.

ஷிவ் சங்கர் பிரசாத் சௌராசியா, 1978இல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் மாலி. 1829இல் தொடங்கிய அந்தக் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழையது. அப்பா புல் வெட்டிய கிரீனில், பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து மகன் ஆட்டத்தைப் படித்தான். பயிற்சியாளர் கிடையாது. உயரம் குறைவு, தூரமாக அடிக்கும் பலமும் இல்லை. ஆனால் கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவரைப் போல ஆட ஆளில்லை. தள்ளுவதும் தூக்கிப் போடுவதும் அவ்வளவு துல்லியம். தூக்கிப் போடும் சிப், தள்ளும் புட் இரண்டையும் அவர் பெயரோடு சேர்த்து 'சிப்புட்சியா' என்று கூட ஆடுகிறவர்களே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

1999 இந்தியன் ஓபன், அவருடைய சொந்த மண்ணில். இரண்டாமிடம். 2006இல் இரண்டாமிடம். 2008இல் டெல்லியில் ஐரோப்பியச் சுற்றின் முதல் இந்தியப் போட்டியான இந்தியன் மாஸ்டர்ஸ் நடந்தது. எர்னி எல்ஸ் போன்றவர்கள் வந்த அந்தப் போட்டியை வென்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2011இல் அவந்தா மாஸ்டர்ஸும் வென்றார். ஆனால் இந்தியன் ஓபன் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. 2013இலும் இரண்டாமிடம். 2015இல் கடைசி நாள் காலையில் அவர்தான் முன்னிலை. அனிர்பன் லாஹிரி ஏழு அடி (ஸ்ட்ரோக்) பின்னால். சாயங்காலம் இருவரும் சமநிலை. பிளே-ஆஃபின் முதல் குழியிலேயே லாஹிரி பேர்டி, அதாவது கணக்கைவிட ஓர் அடி குறைவாக, அடித்து முடித்துவிட்டார். ராணுவ மருத்துவரின் மகன் மாலியின் மகனை ஜெயித்தார், அதுவும் அருமையான ஆட்டத்தால். லாஹிரியின் அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான்காவது முறை இரண்டாமிடத்தில் நின்ற அந்த மனிதரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வருடம், அதே டெல்லி மைதானம். 2016 மார்ச். மறுபடி கடைசி நாள் முன்னிலை. மறுபடி லாஹிரி துரத்துகிறார். இந்த முறை சௌராசியா விடவில்லை. இரண்டு அடி வித்தியாசத்தில் கோப்பை. முதல் முறை இரண்டாமிடம் வந்து பதினேழு வருடம் கழித்து.

2017இல் போட்டி குருகிராமில் கேரி பிளேயர் வடிவமைத்த மைதானத்துக்கு மாறியது. ஆழமான மணல் குழிகள், பாறை, தண்ணீர், நீளமான தூரம். டெல்லியின் புதருக்குள் வளர்ந்த ஆட்டம் இங்கே செல்லுபடியாகாது என்றார்கள். சௌராசியா ஏழு அடி வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமிடத்தில் மலேசியாவின் கேவின் கிரீன். மைதானம் எதுவானாலும் கிரீனைச் சுற்றிய கடைசி ஐம்பது கெஜத்தில்தான் ஆட்டம் முடிவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1991 முதல் 2017 வரை 26 போட்டிகளில் 12 கோப்பை இந்தியர்களுக்கு. அதற்குப் பிறகு 2025 வரை நடந்த ஐந்திலும் ஒன்றுகூட இல்லை. 2018இல் இங்கிலாந்தின் மேட் வாலஸ். 2019இல் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் கல்லாகர். அந்தக் கடைசி நாள் ஆட்டம் மறக்கக்கூடியது அல்ல. ஏழாவது குழியில் எட்டு அடி, அதாவது இருக்க வேண்டியதைவிட நான்கு அதிகம். அங்கேயே நொறுங்கிப் போயிருக்க வேண்டிய மனிதர், 44 வயதில் ஒவ்வொரு அடியாக மீட்டெடுத்து ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். அவருடைய பையைச் சுமந்து பக்கத்தில் நடந்தவர் அவருடைய மகன் ஜாக். 2023இல் ஜெர்மனியின் மார்செல் சீம், 2024இல் ஜப்பானின் கெய்டா நகாஜிமா, 2025இல் ஸ்பெயினின் யூஜெனியோ சக்காரா. 2024இல் குருகிராமின் வீர் அலாவத் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டது ஒன்றுதான் ஆறுதல்.

ஏன் நின்றுபோனது? போட்டி கடினமாகிவிட்டது என்பது முதல் காரணம். 2015 முதல் ஐரோப்பியச் சுற்றும் சேர்ந்து நடத்துகிறது. 2025இல் பரிசுத் தொகை 22.5 லட்சம் டாலர். அந்தத் தொகைக்கும் அந்தச் சுற்றுப் புள்ளிக்கும் வருகிறவர்கள் வேறு தரம். அது நல்லதுதான், தேசிய ஓபன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் என்னை அதிகம் உறுத்துகிறது. கேடிகளின் பள்ளிக்கூடம் மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. பேட்டரி வண்டி வந்த இடங்களில் பை சுமக்க ஆள் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. பயிற்சி என்பது அகாடமிக்கும், கணினிக் கருவிக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும் போய்விட்டது. டெல்லியின் ரஷீத் கான் கேடிகளின் உலகத்திலிருந்து வந்தவர். 2014இல் ஆசியச் சுற்றில் இரண்டு போட்டிகளை வென்றவர். தான் ஆடி வளர்ந்த மைதானத்தில் பயிற்சி செய்ய அனுமதி மறுக்கப்படுகிறது என்று அவரே வெளிப்படையாக முறையிட்டது செய்தித்தாள்களில் வந்தது. கோப்பை ஜெயித்துக் கொடுத்தவருக்கே இந்த நிலைமை என்றால், இன்றைக்குப் பை சுமக்கும் பன்னிரண்டு வயதுப் பையனின் நிலை என்ன?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பெங்களூருக்கு வெளியே ஈகிள்டன் கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கிய கிராமத்துப் பையன் சிக்கரங்கப்பா. அவனிடம் இருந்த திறமையைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் விஜய் திவேச்சா. அனிர்பன் லாஹிரியை வளர்த்ததும் அவர்தான். ராணுவ மருத்துவரின் மகனும் பந்து பொறுக்கிய பையனும் ஒரே ஆசிரியரிடம் ஒரே புல்லில் நின்று படித்தார்கள். இருவருமே ஆசியச் சுற்றின் முன்னணி வீரர்களானார்கள். ஒரு நல்ல பயிற்சியாளர் இருந்தால் போதும், அது முடியும்.

பெண்கள் போட்டியின் கதை தனி. பெண்கள் இந்தியன் ஓபன் 2007இல்தான் தொடங்கியது. 2016இல் பெங்களூரின் அதிதி அசோக், 18 வயதில், அதை வென்ற முதல் இந்தியர் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம் வந்து நாட்டையே அதிகாலையில் தொலைக்காட்சி முன் உட்கார வைத்தவர் அவர்தான். ஆனால் பெண்கள் பக்கத்தில் கேடி வாசல் என்று ஒன்று இருந்ததே இல்லை. நம் மைதானங்களில் பை சுமந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஏழை வீட்டுப் பெண் கோல்ஃபுக்குள் வர இன்றைக்கும் வழி ஒன்றும் போடப்படவில்லை.

மறுபடி கோல்கொண்டாவுக்கு வருவோம். ஹைதராபாத் மைதானம் உருவானதில் அரசின் சுற்றுலாத் துறைக்கும் பங்கு உண்டு. டெல்லி மைதானம் அரசு குத்தகை நிலத்தில் இருக்கிறது. சென்னையில் 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கிளப்பின் 160 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தபோது, அதே வளாகத்துக்குள் ஜிம்கானா கோல்ஃப் மைதானமும் இருந்ததைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். பொது நிலத்தில் குறைந்த குத்தகைக்கு இருக்கும் மைதானங்களிடம் பொதுமக்கள் கேட்க ஒரு நியாயமான விஷயம் இருக்கிறது. புல்வெளியை எல்லாருக்கும் திறந்துவிடு என்பதல்ல, அது நடைமுறைக்கும் வராது. கேடிகளின் பிள்ளைகளுக்கும் மாலிகளின் பிள்ளைகளுக்கும் வாரத்தில் சில மணி நேரம் பயிற்சிக் களம், ஒரு பயிற்சியாளர், சில செட் பழைய கிளப். கோல்கொண்டா மதிலுக்குப் பக்கத்தில் தொடங்கலாம், நந்தனத்தில் தொடங்கலாம்.

டாக்காவில் இது நடந்தது. குர்மிடோலா கோல்ஃப் கிளப்பில் பந்து பொறுக்கும் பையனாக இருந்தவர் சித்திகுர் ரஹ்மான். வசதி இல்லாத பையன்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க வங்கதேச கோல்ஃப் கூட்டமைப்பு முடிவு செய்தபோது அவரும் அதில் ஒருவர். 2010இல் புருனே ஓபனை வென்று, ஆசியச் சுற்றில் வென்ற முதல் வங்கதேசத்தவர் ஆனார். 2013இல் டெல்லிக்கு வந்து, லாஹிரியையும் சௌராசியாவையும் ஓர் அடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி, இந்தியன் ஓபனின் ஐம்பதாவது கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வருடம் கழித்து ரியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் வங்கதேசக் கொடியை ஏந்தி வந்தவரும் அவர்தான். ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் வங்கதேசத்தவர். குர்மிடோலாவும் உறுப்பினர்களும் கட்டுப்பாடுகளும் உள்ள கிளப்தான். பந்து பொறுக்கும் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அங்கே முடிந்திருக்கிறது.